சுகிர்தபாய் எடுத்துக் கட்டிய வீடு

அது பொய். தியாகியின் வீட்டைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள், முடியாமல் போனதும் திமிரோடு இறங்கிப் போய்விட்டாள் என்று என் மயினியைப் பற்றி இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறார்களே, அது முழுப் பொய். அடுத்த வீட்டு ஆனந்தபாய் சொன்னாலும் பொய்தான், கோவிலில் முன்பெஞ்சில் உட்காருகிறவர்கள் சொன்னாலும் பொய்தான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்திலிருந்து சோறு தின்றுகொண்டே ஒருத்தி சொல்கிறாள்: "ஈசாக்கு ஜெயில்ல கிடந்த நேரம் பாத்து அவ ஓடு போட்டுட்டா. ஆளு வெளிய வந்து பாத்தா வீடு இல்ல."

நான் கேட்டேன்: "ஓடு போட்டா வீடு எங்க போவும்? பறந்தா போச்சு?"

அவள் பாயசம் வாங்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈசாக் என் கூடப்பிறந்த தம்பி. சுகிர்தபாய் என் மூத்த அண்ணன் சத்தியதாஸின் பெண்டாட்டி, எனக்கு மயினி. தம்பியை விட்டுவிட்டு, கல்யாணம் கட்டி வந்து கயறினவளுக்காக ஏன் பேசுகிறாய் என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. நான் கண்டதைத்தான் பேசுகிறேன். கேட்கிறவர்கள் கேளுங்கள், இல்லையென்றால் எழுந்து போங்கள்.

எங்கள் குடும்ப வீடு பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற பாதையில், ஒரு மேட்டின் சரிவில் இருந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை. உள்ளே போக வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும், குனிந்து போனால் இருட்டு. அண்ணன் மாட்டு வண்டி ஓட்டினான். தன் பங்கு நிலத்தை விற்றுத்தான் வண்டியும் காளையும் வாங்கினான். ஒரு காய்ச்சலில் அவன் போனான், பின்னாலேயே காளைகளும் போயின. மயினிக்கு மிஞ்சியது ரத்னபாய் என்ற ஒரு பெண்குஞ்சும், என் வயசான அப்பாவும்தான். நான் உதியன்குளங்கரையில் கட்டிக்கொண்டு போனவள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போவேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள், குடும்ப வீடு கடைசிப் பையனுக்கு. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்க்கிறவன் அவன் என்பதால் அப்படி. ஆனால் எங்கள் வீட்டுக் கடைசிப் பையன் அப்பாவைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அவன் ஊர்வலம் போனான். தெற்குத் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் ஆட்களைச் சுட்டு வெடிவைப்பு நடந்த ஆடி மாதத்தில் ஈசாக்கைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் போட்டார்கள். அடியும் பட்டான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவன் முதுகுக்கு நானே எண்ணெய் தடவியிருக்கிறேன்.

அவன் ஜெயிலில் கிடந்தபோது மயினி செய்த வேலை என்ன தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் போக ஒரு சால் வெட்டினாள். ஐப்பசி மழையில் மேட்டுத் தண்ணீர் முழுக்கப் பின்சுவரில் வந்து முட்டி, அப்பா கிடந்த அறைக்குள் ஏறிவிட்டது. கிழவருடைய கட்டில் கால் சேற்றில் நின்றது. எல்லாரும் கூரையை மேயச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "வீட்டை நனைக்கது மேல இருந்து விழுத மழை இல்ல. பின்னால இருந்து வாற வெள்ளமாக்கும். முதல்ல முற்றத்த நேராக்கணும், பிறகுதான் வீடு" என்றாள். மண்வெட்டியை எடுத்து அவளே இறங்கினாள். வெட்டிய மண்ணை வீணாக்காமல் மேட்டோரமாக மண் மதிலாகக் கையாலை வைத்தாள், மிதித்து மிதித்து, இடுப்புயரத்துக்கு. அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாழை மூட்டுக்குப் போயிற்று. நான் போய்ப் பார்த்தபோது அப்பா கட்டிலில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டியா மக்கா, வெள்ளம் வெளியே போவுது" என்றார்.

அதற்கும் ஆனந்தபாய்க்கு ஒரு வார்த்தை இருந்தது. கையாலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "வீட்டுல ஒருத்தன் ஜெயில்ல கிடக்கான். எல்லை எங்க விழும்னே தெரியல்ல. அதுக்குள்ள உனக்கு மராமத்து கேக்குதோ?"

மயினி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "எல்லை எங்க விழுந்தாலும் மழை இஞ்சதான் விழும்."

ஈசாக் வெளியே வந்தான். மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். வீட்டுக்குள் தலை குனிந்து நுழைந்து, அப்பாவின் காலடியில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டே அவன் சொன்ன வார்த்தையை என் இந்தக் காதால் கேட்டேன்.

"மயினி, எனக்கு இனி இஞ்ச கிடப்பு இல்ல. தொடுவெட்டிக் கட்சி ஆபீஸ்லதான் இருப்பேன். எல்லை விழட்டும், விழாம போகட்டும், நான் தமிழ் மண்ணுலதான் குடியிருப்பேன். இந்த ஓலப்புரையும் வச்சிட்டு நான் என்ன செய்யதுக்கு? நீங்க எடுத்துக் கட்டுங்க. உங்களுக்கும் ரத்தினத்துக்கும் இருக்கட்டும்."

அப்பா தலையை ஆட்டினார். "அவ கட்டட்டும்" என்றார். நானும் மயினியும் அங்கே இருந்தோம். கேட்டது இரண்டு பெண்கள். அதனால் பிறகு அந்த வார்த்தைக்கு விலை இல்லாமல் போயிற்று.

அதன் பிறகுதான் அவள் வீட்டில் கை வைத்தாள். தன் அப்பன் சீதனமாகக் கொடுத்த வயலை விற்றாள். வயல் போனால் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு வரப்புகூட இல்லை என்று நான் சொன்னேன். "திரும்பிப் போறதுக்கு என்னத்துக்கு வழி வைக்கணும்? ஒரு பெண்பிள்ளையை வச்சிட்டு ஒரு கூரைக்குக் கீழ செத்தா போதும் எனக்கு" என்றாள். இதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் நின்ற அயனி மரத்தை வெட்டி உத்திரமும், ஓடு தாங்குகிற கழுக்கோலும் ஆக்கினார்கள். மண் சுவரில் பழுதான பக்கங்களை இடித்து வெட்டுக்கல் வைத்தார்கள். ஓடு நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணனோடு வண்டி ஓட்டியவர்கள் கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். ஓடு உடையாமல் வைக்கோல் வைத்து அடுக்கியதும் அவர்கள்தான். வண்டியிலிருந்து கைமாறிக் கைமாறி ஓடு வந்தபோது, நான்கூட ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையால் வாங்கிக் கொடுத்தேன்.

முற்றத்தை அவள் செய்த அழகைச் சொல்ல வேண்டும். சரிவை வெட்டி இரண்டு தட்டாக்கினாள். மேல்தட்டில் வீடு, கீழ்த்தட்டில் கிணறும் துணி துவைக்கிற அலக்குகல்லும். நடுவில் கல் படி. கிணற்றுக்குத் துலா போட்டுக் கைச்சுவர் எழுப்பினாள், அதுவரை அந்தக் கிணற்றில் வருடத்துக்கு ஒரு கோழியாவது விழும். அலக்குகல்லில் விழுகிற தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போக வழி வெட்டினாள். பாதையோரம் செம்பருத்திக் கம்பு நட்டு வேலியாக்கினாள். பாதையில் போகிற மலையாளத்துப் பெண்கள் நின்று, "முற்றம் கொள்ளாமல்லோ" என்று மெச்சிவிட்டு ஒரு கம்பு ஒடித்துக்கொண்டு போவார்கள். ஒடிக்கட்டும் என்பாள்.

இனி, அவள் குடியைக் கெடுத்த காரியத்துக்கு வருகிறேன்.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. எங்கள் ஊரில் நாங்கள் வேதக்காரர்கள், ஆசாரிமார் இந்துக்கள். ஆனாலும் நிலை வைப்பு என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே முறைதான். வீட்டு ஆண் ஒருத்தன் நிலையில் கை வைக்க வேண்டும், ஆசாரிக்கு வெற்றிலையும் வேட்டியும் அவன் கையால் கொடுக்க வேண்டும். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணுவார், அது வேறு. பரமசிவன் ஆசாரி எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்கிறவர், நல்ல மனுஷன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சுகிர்தம்மா, தப்பா நினைக்கப்பிடாது. கெட்டினவன் இல்லாத பொம்பிள நிலையில கை வைச்சா நாளைக்கு ஏதாவது வந்தா என்னையாக்கும் சொல்லுவாவ. ஏதாவது ஒரு ஆம்பிள நிக்கட்டும்."

வேதக்காரர்கள் இதையெல்லாம் நம்பக் கூடாது என்று சொல்கிறவர்களும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்கள். அப்பாவால் எழுந்து நிற்க முடியாது.

நான் சொன்னேன்: "எனக்க வீட்டுக்காரர் நிக்கட்டும் மயினி. அவியளுக்கு ஒரு வேலையும் இல்ல இன்னைக்கு."

"அது கொள்ளாது. கொழுந்தன் உசிரோட இருக்கும்போ மருமகன் வந்து நின்னா ஊரு என்ன சொல்லும்? ஈசாக்குக்கு மனசு நோவும். அவன் தந்த வீடாக்கும் இது."

மரியாதைக்காகச் செய்தாள். தொடுவெட்டிக்கு ஆள் விட்டாள். ஈசாக் வந்தான், வெள்ளைக் கதர்ச் சட்டை, முகத்தில் சிரிப்பு. நிலையில் கை வைத்தான். ஆசாரிக்கு வெற்றிலை கொடுத்தான், வேட்டி கொடுத்தான். வேட்டி மயினி வாங்கியது. மயினி எங்கே நின்றாள் என்றால், சமையல்புரைச் சுவரோரம், என் பக்கத்தில். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அண்ணனை நினைத்திருப்பாள்.

போகும்போது ஈசாக் சொன்னான்: "கொள்ளாம் மயினி. இனி தலை குனிய வேண்டாம்."

அந்த வருடம் போவதற்குள் அப்பா ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். அடுத்த வருடம் எல்லை விழுந்தது. நெய்யாறுதான் எல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள், கரமனையாறு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் ஆயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் கேரளம் ஆனோம். எங்கள் தாலூக்காவுக்காக அடிபட்டவர்கள் எல்லாரும் இந்தப் பக்கமே கிடந்தார்கள். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, அதனால் கடைப் பலகையில் எழுத்து மாறியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஈசாக்குக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் போய் ஒரு வேலை கிடைக்கும், ஒரு பதவி கிடைக்கும் என்று பார்த்திருந்தான். அங்கே இருந்தவர்களே வரிசையில் நின்றார்கள். உன் ஊர் கேரளத்தில் அல்லவா என்று கேட்டுவிட்டார்கள். அது அவனை உள்ளே முறித்துவிட்டது, தெரியும் எனக்கு. ஆனால் அந்த வலியைக் கொண்டுவந்து அவன் இறக்கி வைத்த இடம்தான் தப்பு.

குழித்துறைக்கு அப்பால் விமலகுமாரி என்று ஒரு பெண்ணைக் கட்டினான். ஓட்டு வீடு உண்டு என்று சொல்லித்தான் பெண் எடுத்திருக்கிறான், அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

"பத்து நாளு நின்னுட்டுப் போறோம் மயினி."

மயினி முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். புதுப்பாய் விரித்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் வாங்கி, நல்ல குழம்பு வைத்தாள். பத்து நாள் ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிறகு ஈசாக் கோவில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னான், குடும்ப வீடு கடைசிப் பையனுக்கு என்பது ஊர் அறிந்த வழக்கம்தானே என்று.

நான் விஷயம் கேட்டு ஓடி வந்தேன். முற்றத்தில் நாற்காலி போட்டு ஆட்கள் இருந்தார்கள். நடுவில் ராஜையா, சபைக் கமிட்டிக்காரர். அவர் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி.

"எலே ஈசாக்கு," என்றேன் நான், "நீ கஞ்சி குடிச்சிட்டு இருந்து சொன்னது மறந்து போச்சா? அப்பா தலையாட்டினது மறந்து போச்சா?"

"அக்கா, அது எல்லை விழுததுக்கு முந்தி சொன்ன வாக்கு. பாறசாலை தமிழ்நாட்டுல சேரும்னு நினைச்சுச் சொன்னது."

"அதுக்கும் வீட்டுக்கும் என்னலே?"

ராஜையா கையைக் காட்டி என்னை அடக்கினார். "பிள்ளே, நீ வேற வீட்டுக்குப் போனவ. இதுல பேசாத." பிறகு பரமசிவன் ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி வந்து கீழ்த்தட்டுப் படியில் நின்றார்.

"ஆசாரியே, இந்த வாசல் நிலை வைக்கும்போ கை வைச்சது யாரு?"

ஆசாரி மயினியைப் பார்த்தார். "ஈசாக்கு."

"உனக்கு வேட்டி தந்தது?"

"ஈசாக்கு கையால. ஆனா அந்த..."

"போதும். கேட்டதுக்குச் சொன்னா போதும்." ராஜையா எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "பிறகு என்ன பேச்சு? நிலை வைச்சவனுக்குத்தானே வீடு? நாட்டுக்காக ஜெயிலுக்குப் போன பையன். அவனைத் தெருவுல விடவா? சுகிர்தத்தையும் கை விடாண்டாம். பின்னால சாய்ப்பு இருக்கு, அதுல இருந்துட்டுப் போகட்டும்."

மயினி அப்போதுதான் வாய் திறந்தாள். ராஜையாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஈசாக்கு, உன்னைக் கேக்காம எல்லை போடப்பிடாதுன்னு ஜெயிலுக்குப் போனியே மக்கா. இன்னைக்கு என்னை யாராவது கேட்டியளா?"

ஈசாக் தலை குனிந்தான். ஓட்டு வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு குனிந்தான். ஆனாலும் வாயைத் திறந்து, வேண்டாம் மயினி இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாய்ப்பு என்பது சமையல்புரைக்குப் பின்னால் விறகும் தேங்காயும் போடுகிற இடம். ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் வெளியே போகும். முன்னே முற்றத்தின் குறுக்கே விமலகுமாரி ஒரு ஓலைத்தட்டி கட்டினாள், வருகிறவர்கள் கண்ணில் சாய்ப்பு படக் கூடாது என்று. ரத்தினம் படிப்பை முடிக்கட்டும், அதுவரை கிடப்போம் என்றாள் மயினி. கிணற்றில் தண்ணீர் கோரினாள், அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து. மழைக்கு முன்னால் பின் சாலில் மண் எடுத்துவிட்டாள். நான் கோபத்தில் கேட்டேன், அவன் எடுக்கட்டுமே, அவன் வீடுதானே என்று. "வீடு அவனுக்குள்ளதாக இருக்கட்டும். வெள்ளம் ஏறினா சுவரு என்ன பாவம் செய்தது?" என்றாள். இவளைத்தான் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

அப்படியே கிடந்திருப்பாள். அவள் இறங்கிப் போனது அவளுக்காக இல்லை.

ஈசாக்குக்கு ஒரு வரவேற்பு வைத்தார்கள். ஜெயிலுக்குப் போனவர்களைப் பாராட்டுகிற கூட்டம், எங்கள் வீட்டு முற்றத்தில். அக்கா என்ற முறையில் என்னையும் வரச் சொன்னார்கள், நான் வந்தேன். பெஞ்சு கொண்டுவர வழியில்லை என்று செம்பருத்தி வேலியை வெட்டித் தள்ளியிருந்தார்கள். மைக் செட்டுக்காரன் மாமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். நான் முன்னே நிற்கப் பிடிக்காமல் பின்னால் போய், அரிசி களைந்துகொண்டிருந்த மயினி பக்கத்தில் இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு ரத்னபாய் வந்தாள். பாதையிலிருந்து கல்படி ஏறினால் நேரே வீடு. அவள் படி ஏறவில்லை. கையாலையைச் சுற்றி, மேட்டில் ஏறி, சாலுக்குள் இறங்கி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் மிதித்து வந்தாள்.

மயினி அரிசியை விட்டுவிட்டுப் பார்த்தாள். "ஏன் மக்கா சாலு வழியா வாற? விமலா ஏதும் சொன்னாளா?"

"இல்லம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல்ல."

"பிறகு?"

"நமக்க வழி இதுதானே."

அவ்வளவுதான் அந்தப் பிள்ளை சொன்னது. சொல்லிவிட்டுக் காலைக் கழுவினாள். மயினி களைந்த அரிசியைத் தண்ணீர் வடித்துக் கஞ்சிப்பானைக்குள் கொட்டினாள். எழுந்தாள். சாய்ப்புக்குள் போய்த் தகரப்பெட்டியை எடுத்து, துணிகளை வைத்தாள், வேதப்புத்தகத்தை வைத்தாள். கஞ்சிப்பானையைப் பிள்ளை கையில் கொடுத்தாள். பனச்சமூட்டுப் பாதையில் காரக்கோணத்தில் அவள் சித்தி மகள் ஒருத்தி இருந்தாள், அங்கேதான் போகிறாள் என்று எனக்கு விளங்கிற்று. உதியன்குளங்கரைக்கு வா என்றேன். "உனக்க வீட்டுலயும் ஒரு சாய்ப்பு உண்டு, தெரியும்" என்றாள். சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது, அவள் சொன்னது நிஜம்.

பின்னால் வழி இருந்தது, அதுதான் அருகு. அவள் வீட்டுக்குள் ஏறினாள். சமையல்புரை தாண்டி, அப்பா கிடந்த அறை தாண்டி, விமலகுமாரி புடவை மாற்றிக்கொண்டிருந்த முன்னறை தாண்டி நடந்தாள்.

விமலகுமாரி கேட்டாள்: "மயினி, எங்க போறிய? சாயாவுக்கு வெள்ளம் கொதிக்க வைக்கல்லியா?"

மயினி முன்வாசல் வழியாக இறங்கினாள். பெஞ்சுகளுக்கு நடுவில் ஈசாக் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான்.

"மயினி, ஆளுவ வாற நேரத்துல இதென்ன வேலை? பைய பேசலாம், கூட்டம் முடியட்டும்."

"நீ பேசு மக்கா. உனக்குத்தானே கூட்டம்."

அவன் வழியை விட்டு விலகினான். முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த ராஜையா செருப்பைப் பார்த்தார். வெட்டித் தள்ளிய வேலிக்கு அந்தப் பக்கம் ஆனந்தபாய் நின்றாள்.

"எங்க சுகிர்தம், பெட்டியும் கையுமா?"

"சந்தைக்கு."

"இன்னைக்குச் சந்தை இல்லியே."

"அப்பம் நாளைக்கு வரைக்கும் அங்கேயே இருக்கேன்."

கல்படி இறங்கினாள். ரத்னபாய் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். இரண்டு பேரும் பனச்சமூட்டுப் பக்கம் திரும்பினார்கள். முற்றத்தில் யாரோ மைக்கில் ஊதிப் பார்த்தார்கள்.